பெரியவன் கட்டுகிற சந்தா

தெருவில் அவளைப் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளில் சாந்து ஊற்றி, அது இறுகியதும் ஈறு மாதிரி மெழுகு பதித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்திப் பல்செட்டு செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. முகம் தெரியாத மனிதர்களின் வாய் அவளுக்கு அத்துப்படி. ஒரே பக்கமாக மென்று தேய்த்தவர், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், எல்லாம் அச்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செட்டு நன்றாகப் பொருந்தினால் மருத்துவருக்குப் பெயர். பொருந்தாவிட்டால் கூடத்துக்குத் தொலைபேசி வரும். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை, பெயர் எவனுக்கோ போகட்டும்.

வீட்டில் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது.

அப்பா கோர்ட்டில் கட்சிக்காரர்களின் பெயரைக் கூவி அழைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. குரல் விழவில்லை. தண்ணீர் கேட்டால்கூட எதிர்ச்சாரி வீட்டுக்காரர் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். படுத்த புதிதில் அந்தக் குரலிலேயே ஓர் அறிவிப்பு செய்தார்: “மக சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடற நிலைமை எனக்கு வந்தா, அன்னிக்கே சோத்தை நிறுத்திடுவேன். எனக்கு ஆம்பளைப் பிள்ளை இருக்கான்.”

ஆம்பளைப் பிள்ளை இருந்தான். வேறு நாட்டில் இருந்தான். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, கார் என்று அவனுக்கும் ஆயிரம் இருந்தது. அப்பாவின் ஓய்வூதியம் வாடகைக்கே முட்டிக்கொண்டு நின்றது. மற்றதெல்லாம் பல்லுக்காரியின் கையிலிருந்து போனது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மாத்திரை வந்தால் “பெரியவன் பணம் அனுப்பினான்.” நீர் மெத்தை வந்தால் “பெரியவன் போடச் சொன்னான்.” சக்கர நாற்காலி வந்த அன்று அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். “எங்க இருந்தாலும் புத்தி இங்கதான் இருக்கு பாரு அவனுக்கு.” அந்த நாற்காலிக்காக ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கூடத்துக்குப் போனவள் அதைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

அம்மா நல்லவள். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு, அதை எதிர்த்துச் சண்டை போட முடியாது. “அவர் மனசு நோகக் கூடாதும்மா” என்பாள். வேறொரு மனசும் அதே வீட்டில் அதே சுவருக்குள் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள். பொய் மட்டும் மகளுக்குப் பாத்தியதையாக வந்தது.

அத்தனை பொய்க்கு நடுவில் ஒன்றே ஒன்று உண்மை. கடைசியாக ஊருக்கு வந்தபோது அண்ணன் தொலைக்காட்சியில் படம் பார்க்கும் செயலியைப் போட்டு, தன் கார்டு எண்ணைக் கொடுத்துச் சந்தா கட்டிவிட்டுப் போனான். “அப்பா, இனிமே இது பாட்டுக்கு மாசாமாசம் என் கார்டுல கழியும். நீங்க எது வேணா பாருங்க.”

அப்பா எது வேண்டுமானாலும் பார்க்கவில்லை. ஒன்றையே பார்த்தார். எங்கேயோ ஒரு தேசத்துக் கோர்ட்டில் நடக்கிற தொடர், தமிழில் குரல் கொடுத்தது. முடியவே முடியாத தொடர். “சாட்சியை மிரட்டறான், ஜட்ஜு தூங்கறாரா?” “எழுந்து ஆட்சேபணை சொல்லேன்டா மடையா, ஃபீஸ் வாங்கலையா?” என்று நாற்காலியிலிருந்தபடி தீர்ப்பு வழங்குவார். அந்த நேரத்தில் சாப்பாடும் இறங்கும், மாத்திரையும் இறங்கும். யாராவது பார்க்க வந்தால், “இது பெரியவன் கட்டறது” என்று திரையைக் காட்டுவார். அப்போது மட்டும் அவளால் கூசாமல் தலையாட்ட முடியும்.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள், உள்ளே அப்பாவின் கோர்ட்டுக் குரல் கேட்கிறது: “கட்டணத்தைப் பெற முடியவில்லை! கட்டண முறையைப் புதுப்பிக்கவும்!”

“என்னப்பா?”

“நீயே பாரு. சம்மன் மாதிரி நிக்குது. காலையில இருந்து வேற ஒண்ணும் வரல.”

அண்ணனின் பழைய கார்டு காலாவதியாகியிருந்தது. புதுக் கார்டு எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். பல் விளக்குகிற நேரத்தில் முடிகிற காரியம்.

மறுநாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். மெழுகு உருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, சாந்துத் தூள் அப்பிய விரலைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்றாள்.

“ஆமா, புதுக் கார்டு வந்திடுச்சு. மறந்தே போச்சு. இன்னிக்குப் பண்ணிடறேன்மா” என்றான் அண்ணன்.

பண்ணவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருந்தான். அடுத்த முறை அண்ணி எடுத்தாள்.

“அவருக்குத் தலைக்கு மேல வேலைம்மா. இதுக்குப் போய் அவரை எதுக்கு? உன் கார்டு இருக்கில்ல, அதைப் போட்டுட்டாப் போச்சு. சரிபார்க்கற கோட் நம்பர் இங்க இவர் போனுக்கு வரும், நான் படிச்சுச் சொல்றேன்.”

“இல்ல அண்ணி. அண்ணனே போடட்டும்.”

“பெரிய தொகையா அது? இதுக்கு ஒரு வீம்பா?”

“தொகைக்கு இல்ல அண்ணி.”

எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவள் சொல்லியிருக்க மாட்டாள். மாத்திரையும் மெத்தையும் தன் பணம் என்பது அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன? தெரியும். தெரிந்துகொண்டே வசதியாக இருந்தார்கள்.

எதிர் மேசையில் செட்டுகளைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கும் பாலிஷ் அக்கா முகமூடியை இறக்கிவிட்டாள்.

“ஏண்டி, உன் கார்டைப் போட்டுத் தொலைச்சா என்ன? கிழவர் பாத்துட்டுப் போறார்.”

“எல்லாத்துக்கும் நான் போடறேன்க்கா. பேரு அவனுக்குப் போகுது. இது ஒண்ணுதான் அவன் நிஜமாப் போட்டது. இது ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்.”

“நிஜமா இருந்தா உனக்கு என்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது.”

“அப்ப சரி, பிடிவாதம் பிடிக்க வேண்டிய விஷயம்தான்” என்று சொல்லி அக்கா சக்கரத்தைப் போட்டுவிட்டாள். அந்த இரைச்சலில் அழுதாலும் சிரித்தாலும் ஒன்றுதான்.

கடைசியில் அண்ணனே போனை எடுத்தான். அவள் விடவில்லை.

“அண்ணா, அப்பா வெறும் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். இது மட்டும் நீ பண்ணு. வேற எதுவும் நான் உன்னைக் கேட்டதில்ல.”

“பணம் பெரிசில்லம்மா…”

“பெரிசில்லன்னா பண்ணிடேன்.”

“சரி, இப்பவே பாக்கறேன்” என்றான்.

பார்த்தான். சாப்பாட்டு இடைவேளையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. “கேன்சல் பண்ணிட்டேன். இங்க யாரும் அதைப் பாக்கறதில்ல. சும்மா கழிஞ்சிட்டிருந்தது, நீ சொன்னதும் நல்லதாப் போச்சு. அப்பாவுக்கு இலவசமாவே எவ்வளவோ வருதே, அதைப் போட்டுக் காட்டு.”

அன்று அவள் நிறுத்திய பற்கள் கோணலாக நின்றன. எல்லாவற்றையும் மெழுகிலிருந்து பிடுங்கி மறுபடி நிறுத்தினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பொய் போதும். வளர்ந்த மனிதர், கோர்ட்டிலேயே காலம் கழித்தவர், ஆயிரம் சாட்சி கேட்டவர். உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்வார். தாங்கிக்கொள்ளாவிட்டாலும் அது அவருக்கு உரிய உண்மை. அதை அவரிடமிருந்து ஒளிக்க யாருக்கு என்ன உரிமை?

நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, அண்ணன் அதை நிறுத்திட்டான்.”

“எதை?”

“படம் வர்றதை. இனிமே கட்ட மாட்டானாம்.”

அப்பா அவளையே பார்த்தார். “நீ என்ன சொன்ன அவன்கிட்ட?”

“கார்டை மாத்தச் சொன்னேன்.”

“வேற என்ன சொன்ன? அவன் தானா நிறுத்தற ஆள் இல்லையே. நீ போன் மேல போன் போட்டு நச்சரிச்சிருப்ப. மனுஷன் வெறுத்துப் போயிருப்பான்.”

அங்கேயே எழுந்து போயிருக்கலாம். வாயிலிருந்து வந்துவிட்டது. “அப்பா, மாத்திரை அவன் வாங்கல. நான் வாங்கறேன். மெத்தை, இந்த நாற்காலி எல்லாம் நான்தான். அம்மா உங்களுக்காகப் பொய் சொன்னா.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். உடைந்து போவார் என்று பயந்தாள். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரிப்புக்கு ஒத்துழைத்தது.

“உன் சம்பளத்துல? பல்லு ஒட்டற சம்பளத்துல நாற்காலி வாங்கின?”

“ஆமாப்பா.”

“செத்துப் போனவளை வேற சாட்சிக்கு இழுக்கற. அவ வந்து சொல்ல மாட்டாங்கற தைரியம்.” குரல் உயர்ந்தது, எதிர்ச்சாரியில் ஒரு ஜன்னல் திறந்தது. “அண்ணன்மேல பொறாமை இருக்கட்டும், யாருக்குத்தான் இல்ல. அதுக்காக இப்படியா? அவன் வாயால கேக்கற வரைக்கும் உன் கையால ஒரு மாத்திரை தொட மாட்டேன்.”

தொடவில்லை. ராத்திரி மாத்திரையைக் கிண்ணத்தோடு தள்ளிவிட்டார். காலையிலும் தள்ளினார். ரத்தக் கொதிப்புக்கு உள்ளது, தவறவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்தது. கெஞ்சினாள், அதட்டினாள், பக்கத்து வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மறுநாளும் அப்படியே. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு ஒரு பொய்யைக் கேட்டால், எதிரில் இருப்பவர் என்ன செய்வது? உண்மை பேச வேண்டும் என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை பேசுவதற்கும் வீட்டில் கொஞ்சம் அந்தஸ்து வேண்டியிருக்கிறது. சம்பாதித்தாலும் அது வராது, பீ மூத்திரம் எடுத்தாலும் வராது. அது பிறக்கும்போதே ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. இப்படிப் பங்கு பிரித்து வைத்த ஏற்பாட்டைப் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

அவள் அப்பா தூங்கும் சமயம் பார்த்துத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தாள். புதுக் கணக்கு தொடங்கினாள். கட்டண முறை என்ற இடத்தில் தன் கார்டு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கோட் நம்பர் அவள் கைபேசிக்கே வந்தது, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்ப்பவர் பெயர் என்ன என்று திரை கேட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பெரியவன்’ என்று அடித்தாள்.

தொடரின் ஆரம்ப இசை கேட்டதும் அப்பா கண் விழித்தார்.

“வந்திடுச்சா?”

“வந்திடுச்சுப்பா.”

“யாரு போட்டது?”

அவள் மாத்திரைக் கிண்ணத்தையும் தண்ணீரையும் கையில் வைத்திருந்தாள். திரையில் பெயரைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். வாயைத் திறந்தார். மாத்திரை இறங்கியது.

“நான் சொன்னேன்ல. அவனுக்குப் போனைப் போடு. நான் பேசணும்.”

“தூங்கிட்டிருப்பான்ப்பா.”

“போடுன்னா போடு.”

போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்து அவர் மடியில் வைத்தாள். அண்ணன் உடனே எடுத்தான். குரலில் பதற்றம் இருந்தது, ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

“பெரியவனே, வந்திடுச்சுப்பா. நல்லாத் தெரியுது. ரொம்ப சந்தோஷம்டா. இவ என்னென்னமோ உளறினா, நான் ஒரு வார்த்தை நம்பல.”

பல்லுக்காரி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ‘நான் போடலப்பா.’ சொல்வதற்கு எத்தனை சின்ன வாக்கியம். சொல்லிவிடுவான் என்று ஒரு கணம் நம்பினாள். அவனும் இதே அம்மாவின் பிள்ளைதானே, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தானே.

“அதனால என்னப்பா” என்றான் அண்ணன். “உங்களுக்குச் செய்யாம நான் வேற யாருக்குச் செய்யப் போறேன்? நிம்மதியாப் பாருங்க.”

அப்பா போனை அவளிடம் நீட்டினார். முகத்தில் வெற்றி இல்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது, பெருந்தன்மை. “போனாப் போகுது விடு. நீயும் மனசுல வச்சுக்காத. உக்காரு, சாட்சி விசாரணை நடக்குது.”

உட்கார்ந்தாள். திரையில் யாரோ சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். கைபேசி சிணுங்கியது. அண்ணனிடமிருந்து செய்தி.

“தேங்க்ஸ்மா, நல்லாச் சமாளிச்ச. புதுக் கணக்கோட பாஸ்வேர்டை எனக்கும் அனுப்பு. உன் அண்ணி ஏதோ ஒரு சீரியல்ல பாதியில நிக்கறாளாம், இப்பதான் சொல்றா.”

அனுப்பாவிட்டால் அவன் அப்பாவைக் கூப்பிடுவான். கூப்பிட்டு உண்மையைச் சொல்வான் என்றுகூட இல்லை. தங்கச்சி தர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னால் போதும், கிண்ணம் மறுபடி கவிழும்.

அவள் எழுத்துகளைச் சரிபார்த்து அனுப்பினாள்.