கசிவைப் பொறுக்காதவர்

பிரஷ்ஷைச் சோப்பு நுரையில் தோய்த்து ஜன்னல் விளிம்பில் தடவுகிறார் அப்பா. வெளியே காற்று பலமாக அடிக்கிறது. நுரை குமிழ் விட்ட இடத்தைத் துடைத்து, டேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துகிறார். ஆயுசு முழுக்க ஏசியும் ஃபிரிட்ஜும் பழுதுபார்த்தவர். கசிவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அம்மா போன மாதம் இந்த அறையில்தான் இறந்தாள். அன்றிலிருந்து அப்பா படிப்பது ஒரே புத்தகம். அறிவியலை வேடிக்கையாகச் சொல்லும் தடிப் புத்தகம். படித்ததும் என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, நம்ம உடம்புல நம்ம செல்லு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு கிருமியும் இருக்காம். வீட்டுக்காரன் யாரு, குடித்தனக்காரன் யாருன்னே தெரியல போ!"

சிரிப்பார். கூடவே நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "கண்ணாடியை மாத்தணும். காலைல எந்திரிச்சாலே தலை விண்ணுவிண்ணுங்குது."

அறை மூலையில் கேஸ் ஹீட்டர் எரிகிறது. கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைப்பது என் வேலை. அடைத்த அறையில் தீ எரிந்தால் சேரும் வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். டேப்பை நான் பிய்த்தால் மறுபடி ஒட்டுகிறார். ஹீட்டரை அணைத்தால் குளிருது என்று பற்றவைக்கிறார். காலையில் அவர் அறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருமல் சத்தம் கேட்கும்வரை நான் நானாக இல்லை.

இன்று வேலையிடத்திலிருந்து அந்த வாயுவை அளக்கும் மானியைக் கொண்டுவந்தேன். அறைக்குள் வைத்ததும் அலறியது. ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அப்பா குறுக்கே நின்றார்.

"தொறக்காத. உங்கம்மா விட்ட மூச்சு இன்னும் இதுக்குள்ளதான் சுத்துது. விட்ட மூச்சு அழியாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கான்."

"அடுத்த பக்கம் படிக்கலையாப்பா? அது உலகம் பூரா பரவும். நீங்க எங்க போய் மூச்சு இழுத்தாலும் அதுல அம்மாவோடது கொஞ்சம் இருக்கும்."

"எதிர்வீட்டுக்காரன் இழுத்தா?"

"அவருக்கும்தான்."

"அவன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதும்பா உங்கம்மா. அவனுக்குமா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. "தலைவலி கண்ணாடியால இல்லப்பா. இந்தக் காத்தாலதான். அம்மா போயிட்டா. நீங்களும் போயிட்டா நான்..."

மானி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மார்பு விம்ம மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கன்னம் உப்ப, தாடையால் ஜன்னலைக் காட்டினார்.