ஆமை முட்டை கேக் என்று சொன்ன வாய்

"டீச்சரம்மா, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா பாரஸ்ட் ஆபீஸுக்குப் போன் போடுவீங்க?"

இப்படிக் கேட்கப் போனால், பக்கத்து வீட்டு டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். யாரிடம் சண்டை போட?

காலையில் அவருக்கு கேக் கொடுத்தேன். எங்கள் கொல்லை வாத்துகளின் முட்டையில் செய்தது. சும்மா இருக்க மாட்டாமல், "ஆமை முட்டை கேக்கும்மா" என்றேன்.

மத்தியானம் வாசலில் பாரஸ்ட் ஜீப். அந்தமானில் எங்கள் ஊர் கராச்சர்மாவே திரண்டு வேடிக்கை பார்த்தது. ஆமை முட்டையைத் தொட்டால் ஜெயில் என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும்.

"சாச்சா, சில்கா திகாவ்" என்றார் பாரஸ்ட் கார்டு இந்தியில். முட்டை ஓட்டைக் காட்ட வேண்டுமாம்.

"நொறுக்கி வாத்துக்கே தீனியா போட்டுட்டேன் சார்."

எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவருக்கு எப்படி வரும்?

"சலோ சாச்சா, ஆபீஸ்."

ஆபீஸுக்குக் கிளம்பச் சொல்லி ஜீப் கதவைத் திறந்தார். என் வீட்டுக்காரி வாத்துக் கூண்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து ஜீப்பில் தட்டினாள். டக்கென்று சத்தம். ஆமை முட்டை என்றால் தோல் மாதிரி அமுங்கும், சத்தம் வராது.

"இதுலதான் சார் செஞ்சேன். இந்த ஆளு வாயில உண்மையே வராது."

கார்டு சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டீச்சர் வந்தால் என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்காரியிடமும் கேட்டேன்.

"ஏ புள்ள, மிச்ச கேக்கையும் குடுத்து, இது முதலை முட்டைன்னு சொன்னா..."

எழுந்து போய்விட்டாள்.