இரவல் கொடுத்த மூன்று நிமிடம்

கீழ்வீட்டு அக்காவை முதன்முதலில் பார்த்தது துணி துவைக்கும் அறையில். தொண்ணூற்றெட்டு, குளிர் தொடங்கிய சமயம். நியூஜெர்சியில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் பாதி வீடுகள் நம்மவர்கள். கணவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள். மனைவிகளுக்கு வேலை பார்க்க விசாவில் இடமில்லை. அதனால் மெஷின் ஓடி முடிகிற வரை அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நீளமான ஒற்றைப் பின்னல், சூப்பர் மார்க்கெட் பேக்கரியின் சீருடை. என் வாய் சும்மா இருக்காது. எந்த ஊர், எத்தனை குழந்தை, ஏன் தனியாக என்று துருவினேன். கோபித்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அமெரிக்க மண்ணின் ஆதிக்குடிகள் அவர்கள். கனடா எல்லையை ஒட்டி அவர்களுடைய நிலம் இருக்கிறது. தம்பி மட்டும் வேலைக்காக இந்தப் பக்கம் வந்திருந்தார். உயரமான கட்டடங்களில் இரும்பு உத்தரம் பூட்டுகிற வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது தம்பியின் வண்டியைப் போலீஸ் நிறுத்தியது. பழைய டிராஃபிக் ஃபைன் ஒன்று கட்டாமல் கிடந்ததாம். அதற்காக கவுண்டி ஜெயிலில் கொண்டுபோய் அடைத்தார்கள். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. தம்பிக்குச் சர்க்கரை. இன்சுலின் வண்டியிலேயே இருந்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தார் என்று பக்கத்து அறைக் கைதி பிறகு சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் உயிரோடு இல்லை. இயற்கை மரணம் என்று கவுண்டி கைகழுவிவிட்டது.

கவுண்டி சபை மாதம் ஒருமுறை கூடும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம், ஆனால் அந்தக் கவுண்டியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்த அம்மா பேச எழுந்தபோது, வெளியூர்க்காரர் என்று சபைத் தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அக்கா ஊரில் பார்த்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு எங்கள் வளாகத்தில் ஒரு வீடு பிடித்தார்.

"பேசுறதுக்கு இங்க ஒரு அட்ரஸ் வேணும்னாங்க. அதான் வந்துட்டேன்" என்றார், துணியை மடித்துக்கொண்டே. ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். நான் அமெரிக்கா வந்தது வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்ததால்.

வக்கீல் வைத்து வழக்கு தனியாக நடந்தது. அம்மா கேட்டது வேறு. அவன் மருந்து கேட்டான், நாங்கள் கொடுக்கவில்லை என்று கவுண்டிக்காரர்கள் தங்கள் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவருக்கு நிம்மதி இல்லை என்றார் அக்கா.

அக்காவுக்குத் துணையாகக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கணவருக்கு முகம் மாறிவிட்டது. "கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கற நேரத்துல இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்றார். ஆறு மாதத்துக்கு எங்களோடு இருக்க வந்திருந்த என் மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய இன்சுலினும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், புளி பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ரெண்டு நாள் ஊசி இல்லாம நான் கத்திக்கிட்டு கெடந்தா, நீ இப்படித்தான் பேசுவியாடா?"

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அக்காவையும் கணவரே டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனார். ஆனால் உள்ளே வராமல் காரிலேயே இருந்தார், தப்பி ஓட வசதியாக.

அன்றைக்கு அம்மாவும் பஸ்ஸில் வந்திருந்தார். சின்ன உருவம், இஸ்திரி போட்ட நீல உடை, முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். அக்கா பேசினார், மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்தது, நன்றி என்றார் தலைவர். மாதாமாதம் இதே கதைதானாம். நான் துணைக்கு மட்டும்தான் போனேன். என்ன தோன்றியதோ, எழுந்து வரிசையில் நின்றுவிட்டேன். மைக்கில் பெயரும் விலாசமும் சொல்லி, என் மூன்று நிமிடத்தை இந்த அம்மாவுக்குக் கொடுக்கிறேன் என்றேன்.

அப்படியெல்லாம் கொடுக்க முடியாது என்றார் தலைவர். கவுன்டர் மூடுகிற பாங்க் கிளார்க்கின் குரல். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணத்திலும் கிரகப்பிரவேசத்திலும் வாத்தியார் சொன்ன மந்திரத்தையெல்லாம் அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொன்னவள் நான். அர்த்தம் தெரிந்ததைச் சொல்ல என்ன தடை? அவர் உங்களிடம் பேசவேண்டாம், என்னிடம் சொல்லட்டும், நான் உங்களிடம் சொல்கிறேன், இதற்கு விதியில் தடை இருக்கிறதா என்று கேட்டேன். தலைவர் பக்கத்திலிருந்த கவுண்டி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் இல்லை என்று தலையாட்டினார்.

அம்மா வந்து என் தோளை ஒட்டி நின்றார். காதருகே ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"என் மகன் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்."

என் மகன் என்று நானும் சொன்னேன். அப்போது எனக்குக் குழந்தையே இல்லை. பெற்றவர் குரல் நடுங்கவில்லை, என் குரல்தான் நடுங்கியது. மணி அடிக்கும்வரை அவர்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

துணி துவைக்கும் அறை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நம்மவர் வீடுகளில் சர்க்கரை இல்லாத குடும்பம் ஏது? இன்சுலின் என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அடுத்த மாதம் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு கும்பலே வந்தது. ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அம்மா ஒவ்வொருத்தியிடமும் மகனைப் பற்றிய ஒரு வரியை இரவல் கொடுத்தார். என் மகனுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. என் மகன் சாப்பிடும்போது பாடுவான். மதுரை ஆங்கிலத்திலும் கோயமுத்தூர் ஆங்கிலத்திலும் அவன் எல்லோருக்கும் மகனானான். பத்திரிகைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். என் கணவரும் காரை விட்டு இறங்கி, கடைசி வரிசைவரை வந்தார்.

மகன் பெயரை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அது மட்டும் என் வாயிலேயே இருக்கட்டும் என்றார்.

ஒரு மாதம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. போன் பில் தவறாக வந்தால் கத்தித் தீர்க்கிறவள் நான். அப்படி ஒரு நிதானத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மறுவருடம் மாநில அரசு விசாரணை வைத்தது. இரண்டு காவலர்களுக்கு வேலை போனது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அம்மா கேட்டது இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னார் அக்கா.

அந்த மாதக் கூட்டத்தில் தலைவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். மருத்துவ உதவி அளிப்பதில் குறைபாடு நேர்ந்தது வருந்தத்தக்கது என்றார். யார் செய்த குறைபாடு என்று அதில் இல்லை. பிறகு, இன்று மட்டும் விதியைத் தளர்த்துகிறோம், அம்மா நேரடியாகப் பேசலாம் என்றார்.

பழக்கதோஷத்தில் நானும் எழுந்தேன். என்னைக் கையமர்த்திவிட்டு அம்மா தனியாக மைக்குக்குப் போனார். தலைவரைப் பார்த்தார்.

"நான் சொல்கிறேன். நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்."

வக்கீல் அவசரமாகச் சாய்ந்து தலைவரின் கையைப் பிடித்தார். தலைவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

அம்மா மகன் பெயரைச் சொன்னார். அவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்த பெயர் கூடம் முழுக்கக் கேட்டது. தலைவர் அதைத் திருப்பிச் சொன்னார்.

"அவன் மருந்து கேட்டான்."

தலைவர் சொன்னார்.

"நாங்கள் கொடுக்கவில்லை."

தலைவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. மணி அடித்தது. அவரே கையை நீட்டி அதை நிறுத்தினார். அம்மா நகரவில்லை, காத்திருந்தார். தாளைப் பார்க்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலைவர் சொன்னார்.

"நாங்கள் கொடுக்கவில்லை."