கை எட்டாத பொந்து

கன்னத்தைச் சேற்றில் அழுத்தி, படிகம் தேடித் தோள்வரை கையைப் பாறைப் பொந்துக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொள்கிறாள் லோர்னா. கையில் ஒரு மூங்கில் குச்சி மட்டும். இரும்பு ஆகாது. “பல்லா புடுங்கறோம்? அதுவா கழண்டு வரட்டும்” என்பாள்.

கொலராடோ மலைச்சரிவில், படிகம் விளையும் பெக்மடைட் பாறை ஓடும் இடத்தில், அரசாங்கத்திடம் பதிந்து அவளும் தம்பி ரஸ்ஸலும் தோண்டிவந்த துண்டு நிலம் அது. அடுத்த துண்டு என்னுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள், படிகங்களையும் பிள்ளைகளைப்போலத்தான் அதட்டுவாள்: “தள்ளி உக்காரு, முட்டாத.” வெளியே வந்த கல்லை ஒருமுறை நக்கி நிறம் பார்ப்பாள். பிறகு ஒற்றைக் காலுறைக்குள் போட்டு முடிச்சிடுவாள். ஜோடி தொலைந்த எங்கள் காலுறைகளெல்லாம் அவளிடம்தான் போய்ச் சேரும்.

சில கோடைகளுக்கு முன், பொறுமையிழந்த ரஸ்ஸல் கடப்பாரையைப் போட்டு நெம்பியதில், உள்ளங்கை அகலப் பச்சைப் படிகம் ஒன்று இரண்டாகப் பிளந்தது. “எறங்கிப் போடா” என்றாள். போனவன் வரவேயில்லை.

இந்த ஆகஸ்டில் ஒரு பொந்து திறந்தது. படிகம் ஒன்றின் வழவழப்பான பக்கம் அவள் விரல்நுனியில் பட்டது, பிடிக்க எட்டவில்லை. என் கை இன்னும் குட்டை. அப்படியே விட்டால் குளிரில் உள்ளே நீர் உறைந்து எல்லாவற்றையும் நொறுக்கிவிடும்.

“ரஸ்ஸலுக்குத்தான் நீளக் கை” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“நான் கூப்பிடட்டுமா?”

“நீ எதுக்கு? எனக்கு வாய் இல்லையா?”

மேட்டில் ஏறிப் போன் பேசினாள். “நான்தான். ஒரு பொந்து தொறந்திருக்கு. எனக்கு எட்டல... கடப்பாரையெல்லாம் வேணாம். கையக் கொண்டா போதும்.”

மறுநாள் காலையில் வெறுங்கையோடு வந்தான்.

“எளச்சுட்ட” என்றாள்.

“நீ மட்டும் என்ன, கொமரியா?”

படுத்துக் கையை விட்டான். உள்ளே சேற்றை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தான்.

“ஆடுது.”

“ஆடட்டும். இழுக்காத.”

அவன் இழுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு, சேறு வழிய, முனை மழுங்காத பச்சைப் படிகம் ஒன்றை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவன் கையை இழுத்துத் தன் சட்டை நுனியால் விரல் விரலாகத் துடைத்து, எங்காவது கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.