கேபினெட்டுக்குள் தீர்த்தம்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் தொடவே எனக்குப் பயம். நான் கல்லூரியில் படிக்கையில் அப்பா வாங்கித் தந்தது. பாதி மேசையை அடைக்கும் மானிட்டர், மஞ்சளித்துப்போன கீபோர்டு. எடைக்குப் போடச் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. எப்படிப் போடுவது? அம்மாவின் குரல் அதற்குள் மட்டும்தான் இருந்தது.

அம்மா மாதா கோவில் பாடகர் குழுவில் பாடியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பேச்சே போய்விட்டது. அதற்குப் பல வருடம் முன்பு, ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் பாட்டை மைக் வைத்துப் பதிந்திருந்தேன். அதை ஒலிக்கவிட்டாலும் பென்டிரைவில் ஏற்றினாலும் பெட்டி பாதியில் உறைந்துவிடும். அந்தக் குரல் எனக்கு மறந்துகொண்டே வந்தது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு இல்லை.

மெமரியைக் கூட்டினால் சரியாகும் என்று, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் காலத்து ரேம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். "இதுக்கா சார் இம்புட்டு அலைச்சல்?" என்று கடைக்காரர் சிரித்தார்.

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, தூசி தட்டி, ரேமை அழுத்தினேன். இரண்டு பக்கமும் கொக்கி 'டக்'கென்று விழுந்தது. பரீட்சைக்குப் படிக்காமல் இதே பெட்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த வயது திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மிக்ஸியோ பைக்கோ, புதுப்பொருள் எது வந்தாலும் அம்மா தீர்த்தம் தெளிப்பார். ரேமும் புதுப்பொருள்தானே. நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடித் திரும்புவதற்குள், வேளாங்கண்ணியில் வாங்கிவந்த தீர்த்தப் பாட்டிலைத் திறந்து, சிலுவை போட்டு, கேபினெட்டுக்குள் தாராளமாகத் தெளித்துவிட்டார்.

"ஐயோ அம்மா, கொன்னுட்டியே!"

அம்மா பாட்டிலை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நல்லவேளை, ப்ளக்கைப் பிடுங்கியிருந்தேன். துணியால் ஒற்றியெடுத்து, மேசை ஃபேனை நேரே வைத்து மறுநாள்வரை ஓடவிட்டேன். சாமி காப்பாற்றட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெளித்ததே சாமி தண்ணீர்தானே.

மறுநாள் சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே கிடந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பழைய 'பீப்' கேட்டது. முதல் வேலையாகப் பென்டிரைவைச் செருகிப் பாட்டை ஏற்றினேன். பச்சைக் கட்டங்கள் தயங்கித் தயங்கிக் கடைசிவரை போயின. அதற்கப்புறம்தான் ஒலிக்கவிட்டேன்.

முதலில் பாட்டு வரவில்லை. அம்மாவின் அதட்டல் வந்தது.

"ஏலே, அந்த ஃபேன நிப்பாட்டுறா. பாட்டு கெட்டுப்போகும்ல."

மேசை ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தா நிப்பாட்டுறேம்மா" என்று எழுந்தேன்.