ஆல்டர்மார்ஷ் குடும்பப் புத்தகத்தில் நான் எழுதாத வரி

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுகிற ஆள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவனுக்கு உயிரோடு இருக்கிற மனிசரிடம்தான் பயம், செத்தவர்களிடம் என்ன பயம் என்று மற்றவர்களைப் பகிடி பண்ணியும் இருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறொருவர் சொல்லிக் கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது இதுதான், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இத்தாலியில் இருக்கிற இந்தப் பலெர்மோவுக்கு வரமுன்னர் நான் பதினொரு வருடம் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பிரதி எழுதுவதுதான் வேலை. இன்னாருக்கு முதுசமாக வந்தது, இன்னாருக்குச் சீதனமாகக் கொடுத்தது என்று நாள் முழுக்கப் பேர்களும் உறவுமுறைகளும்தான். ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பமே வழக்குக்குப் போகும் என்பதால், கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுதிப் பழகின கை இது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பிறகு உங்களுக்கு விளங்கும்.

இங்கே வந்தபின் எல்லோரையும் போல வயதானவர்களைப் பார்க்கிற வேலைதான். வீடு ஒரேத்தோவில், வேலை கால்சாவில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில். அங்கே எண்பத்தாறு வயது ஆங்கிலேயர் ஒருவர் தனியாக இருந்தார். அவருக்கு எட்டாவது பேரன் ஆல்டர்மார்ஷ் என்று பட்டம். வேலை கிடைத்த அன்று வீட்டில் போய் இதைச் சொன்னபோது என் மனைவி சுகந்தி, "ஆற்ரை பேரன்?" என்று கேட்டாள். அது பிரபுக்களுக்குரிய ஆங்கிலேயப் பட்டம், பேரப்பிள்ளை இல்லை என்று விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டடத்தில் இருந்தவர்கள் அவரைப் பரோனே என்பார்கள், நான் லார்ட் என்பேன். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம், அதை உங்களுக்கு எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

அவருக்குக் கண் நன்றாக மங்கிவிட்டது. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவருக்கு வாசிக்கவேண்டும். வாசித்தது எப்போதும் ஒரே புத்தகம்தான், தோல் அட்டை போட்ட அவர்களுடைய குடும்பப் புத்தகம். முதல் பாதி அச்சடித்தது, மீதி கையெழுத்து. ஏதோ ஒரு ராசாவுக்குப் போரில் குதிரைகள் கொடுத்து 'சேர்' பட்டம் வாங்கினவரில் அந்தக் குடும்பம் தொடங்குகிறது. இரண்டு தலைமுறை கழிய அது பரம்பரைப் பட்டமானது, பிறகு கடற்படையில் இருந்த ஒருவர் பேரன் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் தம்பிக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. எங்களில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், அவர்களில் பட்டம் பெண்ணுக்குப் போகவே போகாது.

எங்கள் லார்ட் நாலாவது மகன். பட்டம் வரும் என்று யாரும் நினைக்காததால் இளம் வயதில் அவரைச் சிசிலியில் இருந்த குடும்ப வைன் வியாபாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று தமையன்மாரும் ஆண்பிள்ளை இல்லாமல் செத்து, அறுபது வயதுக்கு மேல்தான் பட்டம் இவரிடம் வந்தது. மனைவி ஹெலன் இறந்துவிட்டா. ஒரே மகள் மார்கரெட், லண்டனில். இவர் கண்ணை மூடினால் பட்டம் கனடாவில் இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்கு.

ஒவ்வொரு லார்டும் சாகமுன்னர் தன் பக்கத்தைத் தானே எழுதிவைக்கவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். இவரால் எழுத முடியாது. போன வருடம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டு முடிய, "உன்ரை கையெழுத்து நல்லாயிருக்கு எண்டு மகள் சொன்னவள். நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். அன்று ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ காற்று வீசி, யன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவர் சொன்னது ஐந்தே வரி. எட்வர்ட், எட்டாவது பேரன், பிறந்தது இன்ன ஆண்டு, மணமுடித்தது ஹெலனை, அவர் மூலம் ஒரு மகள், மார்கரெட். கடைசிச் சொல்லை எழுதும்போது என் புறங்கை பட்டு, மேசையில் இருந்த கோப்பியில் ஒரு சொட்டு பக்கத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டது. துடைத்தேன், கறை போகவில்லை. மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தபடி விட்டேன். அவர் நித்திரையாகிவிட்டார், எனக்கும் கதிரையிலேயே ஒரு கால் மணி நேரம் கண் அயர்ந்திருக்கும். எழும்பும்போது மூன்றரை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவருக்கு மருந்து கொடுத்தேன்.

அடுத்த நாள், "எழுதினதை ஒருக்கா வாசி" என்றார். வாசித்தேன். உறுதி வாசிக்கிற பழக்கம், கண் போகப் போக வாய் போகும், பொருள் பிறகுதான் மனதில் ஏறும். அப்படியே வாசித்துக்கொண்டு போனேன். மணமுடித்தது முதலாவதாக, ஸ்ஃபெர்ராகவால்லோவைச் சேர்ந்த கொன்செத்தாவை, அவர் மூலம் ஒரு மகன், கோசிமோ எத்வார்தோ. இரண்டாவதாக, ஹெலனை, அவர் மூலம் ஒரு மகள்.

அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

என் கையெழுத்துத்தான், அதில் சந்தேகமில்லை. வரிகளுக்கு இடையில் நெருக்கி நுழைத்ததாகவும் இல்லை, இடைவெளி எல்லாம் ஒழுங்காக இருந்தது. முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினால்தான் அப்படி வரும். ஆனால் பக்க எண்கள் சரியாக இருந்தன, ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை, ஓரத்தில் அந்தக் கோப்பிக் கறை அப்படியே இருந்தது.

லார்ட் கையை நீட்டிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, சேர்."

"அவையள் உன்னை அனுப்பினவையோ?"

"ஆர், சேர்?"

"போ. நாளைக்கு வரவேண்டாம்."

வீட்டில் சுகந்திக்குச் சொன்னபோது அவளுக்குக் கவலை வேறாக, எங்கள் வதிவிட அனுமதியைப் பற்றியதாக இருந்தது. "இஞ்சாருங்கோ, பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இன்னும் ஒரு மாசம்தான் கிடக்கு. வேலைக் கடிதம் இல்லாமல் என்னெண்டு குவெஸ்தூராப் பொலிசுக்குப் போறது? நீங்கள் நித்திரைத் தூக்கத்திலை எழுதியிருப்பியள். மன்னிப்புக் கேட்டுப்போட்டு வேலையைப் பாருங்கோ."

"நித்திரையிலை எழுதினாலும் அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது?"

"அந்த மனிசன்தான் நித்திரையிலை உளறியிருப்பார். நீங்கள் கேட்டு எழுதிப்போட்டியள். வேறை என்ன?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. உண்மையில் பெரிய ஆறுதலாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை லார்ட் தானே தொலைபேசி எடுக்கும்வரை அந்த ஆறுதல் இருந்தது.

"எனக்கு மகன் பிறந்தது உண்மை," என்றார். "ஆனால் பேர் எனக்குத் தெரியாது. ஞானஸ்நானத்துக்கு முன்னமே நான் கப்பல் ஏறிட்டன். எனக்கே தெரியாத பேரை நீ எப்பிடி எழுதினாய்?"

நான் போனேன். அன்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருபத்துநாலு வயதில் கொன்செத்தா என்ற மீனவரின் மகளைக் கோயிலில் வைத்துக் கட்டியிருக்கிறார், அதற்காகக் கத்தோலிக்கராகவும் மாறியிருக்கிறார், வீட்டுக்கு எழுதவில்லை. அடுத்த வருடம் பிள்ளைப்பேற்றில் அவ இறந்துபோனா. பிள்ளையின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லையாம். கொன்செத்தாவின் தாயின் கையில் விட்டுவிட்டு இங்கிலாந்து போய், அங்கே பிறகு ஹெலனைக் கட்டியிருக்கிறார். வருடங்கள் கழிந்து பலெர்மோவுக்குத் திரும்பி வந்தும், அரை மணித்தியாலப் பயணத்தில் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு நாளும் போகவில்லை.

"எத்வார்தோ எண்டதை எழுத்துக் கூட்டிச் சொல்லு" என்றார். சொன்னேன். எட்வர்ட் என்ற பேரை இத்தாலியர்கள் எதோவார்தோ என்பார்கள், அவர்கள் ஓ என்ற எழுத்துப் போடுகிற இடத்தில் நான் வீ எழுதியிருந்தேன். "இப்பிடி ஒருத்தரும் எழுதாயினம்," என்றார். "அப்ப இது பொய்யாயும் இருக்கலாம். போய்ப் பாப்பம்."

சனிக்கிழமை காலை டாக்சி பிடித்துப் போனோம். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு நான் அதுவரை போனதே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்து என்று அவர் வழி சொன்னார். அந்த வீட்டின் கீழ்த்தட்டு இப்போது ஒரு சின்ன மீன் சாப்பாட்டுக் கடை. ஏப்ரன் கட்டின, அறுபது வயது தாண்டின ஒருவர் வெளியே மேசைகளில் முள்ளுக்கரண்டி வைத்துக்கொண்டிருந்தார். லார்ட் கைத்தடியை ஊன்றி அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் எதோவார்தோ. இங்கிலாந்துக்காரன்."

அந்த மனிதர் அவரைப் பார்த்தார். கையில் மிச்சமிருந்த கரண்டிகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்தார். பிறகு ஒரு கதிரையை நிழலுக்குள் இழுத்துப் போட்டு, "இருங்கோ. வெயில் சுடுது" என்றார்.

லார்ட் பட்டம், பரம்பரை என்று என்னவோ சொல்லத் தொடங்கினார். அந்த மனிதர் கையைக் காட்டி நிற்பாட்டினார். "மத்தியானம் முப்பது பேர் சாப்பிட வருவினம். அது முடியட்டும்." நான்தான் மெதுவாகப் பேரைக் கேட்டேன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். கோசிமோ எத்வார்தோ. ஓ இருக்கவேண்டிய இடத்தில் வீ. "பேர் பதிஞ்சவர் பிழையா எழுதிப்போட்டார். பிறகு ஆரும் திருத்தேல்லை" என்றார்.

சாப்பாட்டுக்காரர்கள் போய் முடிய நாலு மணியாகிவிட்டது. கோசிமோ வந்து தகப்பனுக்கு எதிரே இருந்தார். ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர், "அம்மா எப்பிடி இருந்தவ?" என்று கேட்டார். "சின்னம்மாவிட்டை ஒரு படம்தான் இருக்கு. அதிலையும் முகம் தெளிவில்லை." லார்ட் பேசத் தொடங்கினார். கொன்செத்தா சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்துவதைச் சொன்னார், மீன் விலைக்குச் சண்டை பிடிப்பதைச் சொன்னார், செருப்புப் போடவே மாட்டா என்றார். சொல்லச் சொல்ல அழுதார். கோசிமோ அழவில்லை, ஆனால் இருட்டும்வரை எழும்பவும் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வேலை திரும்பக் கிடைத்தது, பெர்மெஸ்ஸோவும் வந்தது. மார்கரெட் முதலில் தகப்பனோடு கதைக்காமல் விட்டா, பிறகு வந்து தமையனைப் பார்த்தா. லார்ட் கார்த்திகையில் இறந்தார். பெட்டியைத் தூக்கினவர்களில் கோசிமோவும் ஒருவர். பட்டம் யாருக்கென்று லண்டனில் இன்னும் வழக்கறிஞர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கோசிமோ கேட்ட ஆவணங்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரைக்கும் ஒரு குடும்பக் கதை என்று எடுத்துக்கொள்ளலாம், எனக்கும் அதில் ஆட்சேபனை இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்த ஒன்றை நான் லார்டிடம் சொல்லவில்லை. சுகந்திக்கும் வெகுநாள் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். அங்கே கோசிமோவை வளர்த்த சின்னம்மா ரோசாலியா, கொன்செத்தாவின் தங்கை, அவரைக்காய் உரித்துக்கொண்டு இருந்தா. எண்பது தாண்டிவிட்டது, ஆனால் கடையின் கணக்கு வழக்கெல்லாம் இன்னும் அவதான் பார்ப்பது, தடுமாற்றமே இல்லாத மனிசி. என்னைக் கண்டதும் தெரிந்த ஆளைப்போலத் தலையாட்டினா.

"அண்டைக்கே இருந்து கோப்பி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றா.

"எண்டைக்கு?" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை. அந்தப் பொல்லாத காத்தடிச்ச நாள். மூண்டு மணி இருக்கும். வந்தாய், பிள்ளையின்ரை பேரை எழுத்து எழுத்தாக் கேட்டாய், எழுதினாய், எழும்பிப் போயிட்டாய். அரசாங்க ஆள் எண்டு நினைச்சன்."

அம்மா, அது நானில்லை, இந்த ஊருக்கு நான் வந்ததே இல்லை என்றேன். அவ அடுத்த அவரைக்காயை உரித்துப் போட்டா. எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தா. "அந்தப் பெட்டையை ஏன் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வரேல்லை? உள்ளை வா எண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான். முதுகைக் காட்டிக்கொண்டு அதிலேயே நிண்டவள். இந்தச் சூட்டுக்கை, காலிலை செருப்பும் இல்லாமல்."

நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

இப்போது எனக்கு வேறு வேலை, ஒரேத்தோவிலேயே வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பார்க்கிறேன். போன மாதம் முதல் நாள் போனபோது அவ கதவைத் திறந்து, "எந்த்ராத்தே" என்றா. உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். இங்கே பழைய ஆட்கள் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் 'வாங்கோ' போல. ஒரு ஆளுக்கும் சொல்லலாம், இரண்டு பேருக்கும் சொல்லலாம். மரியாதைக்குத்தான் சொன்னா என்று எனக்குத் தெரியும். என்றாலும் நான் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நான் உள்ளே வந்த பிறகும் அவ கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றா.