சாமிக்கு வேண்டாத முடி

சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனியில் எங்களைப் பயமுறுத்திய பொருள் ஒன்றே ஒன்றுதான்: முடி. கத்தி பட்டு விரல் கிழிந்தால்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். கூழில் ஒரு முடி கிடந்தால் பழம் ஓடும் பெல்ட்டே நின்றுவிடும். அப்போதுதான் எங்கள் ஊர் மாம்பழம் டின்னில் அடைபட்டுக் கப்பலேறத் தொடங்கியிருந்தது. டின்னைத் திறக்கிற வெளிநாட்டுக்காரன் கண்ணில் முடி பட்டால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும் என்று சூப்பர்வைசர் தினமும் மிரட்டுவார். அதற்காகவே எங்கள் தலையில் ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி.

ஒருநாள் காலை பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் இரண்டு விரலால் ஒரு நீள முடியைத் தூக்கிப் பிடித்து, "ஈ வெண்ட்ருக எவரிதி?" என்று கேட்டார். யாருடைய முடி என்று கேட்க அவசியமே இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தொப்பி விளிம்பிலும் தோளிலும் முடி ஒட்டிக் கிடந்தது. பதற்றத்தில் தோளைத் தட்டிவிட்டேன். அதுவும் நேராக வெட்டிய பழத்தின் மேலேயே போய் விழுந்தது. ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். தலையைச் சரி செய்துகொண்டு அப்புறம் வா என்று அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள்.

நாகலாபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காரவில்லை. காற்றில் முடி பறந்து பின்சீட்டுக்காரர் மடியில் விழும் என்று பயம். வேலை போனதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு இருந்தது. குவைத்தில் டிரைவராக இருக்கும் ஒருவருக்கு என் போட்டோ போயிருந்தது. அதில் என் பின்னல் தோள் வழியாக முன்னால் வந்து இடுப்புவரை தொங்கும். அதில் பாதிக்கு மேல் சவுரி, புத்தூரில் வாங்கிய ஒட்டு முடி. அந்த மனிதர் லீவில் வந்து நேரில் பார்க்கப்போகிறார். என் வகிடோ மாட்டுவண்டி போகிற அளவுக்கு அகலமாகிவிட்டிருந்தது.

முடி ஏன் கொட்டுகிறது என்பதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். போர் தண்ணி என்றார்கள். பாக்கெட் ஷாம்பு என்றார்கள். தொப்பிச் சூடு, கண் திருஷ்டி, ராத்திரியில் தலைவிரித்துப் போட்டது, பொம்பளைப் பிள்ளை வேலைக்குப் போய் சம்பாதித்தது. எந்தக் காரணத்தை எடுத்தாலும் அதன் முடிவில் நான்தான் குற்றவாளியாக நின்றேன். சின்ன வெங்காயச் சாறு தேய்த்தேன், செம்பருத்தி தேய்த்தேன். முடி முளைக்கவில்லை, எறும்பு வந்ததுதான் மிச்சம்.

எனக்கு மட்டும் தெரிந்த வேறொரு விஷயம் இருந்தது. மாதவிலக்கு எனக்கு மூன்று நான்கு நாளில் நிற்காது. சில மாதம் பாதி மாதம் போகும். கம்பெனியில் பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கை தூக்கிக் கேட்க வேண்டும், ஆம்பளையிடம். அதற்கு வெட்கப்பட்டு மடித்து மடித்துத் துணி வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பேன். படி ஏறினால் கண் இருட்டும். என் உடம்பில்தான் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று நம்பினேன். அதற்கும் முடிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் அம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பெரிய காய்ச்சல் வந்து பிழைத்தேனாம். அப்போது திருமலைக்கு என் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு குலதெய்வத்துக்கு முதல் மொட்டை போட்டதோடு இதை மறந்துவிட்டாள்.

"நாம குடுக்கல. அவரே எடுத்துக்கினு கீறாரு. வட்டியோட வாங்குற சாமி, வுடுவாரா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஷாம்பு போட்டவள் என்பதைவிட சாமிக்குப் பாக்கி வைத்தவள் என்பது கௌரவம்தானே. மொட்டை போட்டுவிட்டால் மாப்பிள்ளை வருவதற்குள் அடர்த்தியாக முளைத்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

என் அப்பா, நைனா மட்டும், மலை ஏறுவதற்கு முன்னால் திருப்பதியில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றார். ஸ்டேஷன் பக்கம் சின்ன கிளினிக். டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு தெலுங்கில், "நெலசரி சரிகா ஒஸ்துந்தா?" என்று கேட்டார். மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று.

நைனா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கேள்வி விழுந்ததும் சட்டென்று திரும்பிச் சுவர் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஒஸ்துந்தி," என்றேன். வருகிறது. பொய் இல்லை. வந்துகொண்டேதான் இருந்தது.

ரத்தம் பரிசோதிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சாமி காரியம் முடியட்டும், இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சீட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மலையில், மொட்டை போடும் கல்யாணகட்டாவில், ஈரத்தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த பெண்ணின் முடி தரையில் சுருண்டு குவியலாகக் கிடந்தது. நான் பயத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். நாவிதர் தண்ணீர் தொட்டு என் பின்னலைப் பிடித்ததும் அது மொத்தமாக அவர் கையோடு போய்விட்டது. அவர் ஒரு நொடி திடுக்கிட்டார். பிறகு சவுரியை ஆட்டிக் காட்டி, "இதி தேவுடிகி வத்தம்மா," என்றார். இது சாமிக்கு வேண்டாம்மா. சுற்றிலும் சிரிப்பு. சாமிக்கு ஒட்டு முடியைக் கொடுத்து ஏமாற்ற வந்தவள் போல நான் குனிந்துகொண்டேன்.

அம்மா சவுரியை வாங்கிப் பைக்குள் திணித்தாள். என் தலை முடிந்ததும் யாரும் எதிர்பாராமல் என் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை.

"எனுக்கும் எடுத்துடு. புள்ள ஒண்டியா நிக்கிது," என்றாள்.

கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து அவளும் ஒரு சவுரியை உருவினாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்த அந்தக் கொண்டை வெறும் ஒட்டு முடி. அவளுடையது என்று ஒரு கைப்பிடிகூட இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, "இன்னா பாக்குற? ஒன் வயசுலயே எனுக்கும் போச்சி," என்றாள். எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஒரே வீட்டில் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி தலையை மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம்.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தரிசனத்துக்குப் போனோம். கம்பிக் கதவு போட்ட கூடத்தில் ஜனங்களோடு ஜனங்களாகக் காத்திருந்தபோது எனக்கு அது வந்துவிட்டது. நாளே இல்லை, இருந்தும் வந்துவிட்டது. கோயிலுக்குள், சாமிக்கு அத்தனை பக்கத்தில். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அம்மாவின் காதில் சொன்னேன்.

"தூரமா? போன வாரம்தானே தலைக்கு ஊத்திக்கின?"

அவள் என் புடவையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தன் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை வெளியே விடச் சொல்லிக் காவலாளியிடம் கெஞ்சினாள். ஏன், என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்த நைனாவுக்கு ஒரே வார்த்தையில் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. மொட்டை போட்டும் சாமியைப் பார்க்காமல் திரும்பிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குளியலறையில் துணியை அலசும்போது அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இவ்ளோவா போவுது? எத்தினி நாளா?"

"கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாலருந்தே."

"எனுக்கும் இப்டிதான்," என்றாள் மெதுவாக. "எல்லா பொம்பளைக்கும் இப்டிதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இறங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்றார் நைனா. அம்மாவோ ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். டாக்டரம்மா எங்கள் இரண்டு மொட்டைத் தலைகளையும் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். நைனா பழையபடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய போயி நில்லுங்க," என்றாள்.

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷமாக நான் புதைத்து வைத்ததைச் சொல்லி முடிக்க அத்தனை கொஞ்ச நேரம்தான் ஆனது என்பதே எனக்கு அவமானமாக இருந்தது.

பிரசவம், காய்ச்சல், தைராய்டு, பரம்பரை என்று பெண்களுக்கு முடி கொட்ட எத்தனையோ காரணம் உண்டு, இவளுக்கு ரத்தம் போகிறது, ரத்தத்தில் இரும்பு இல்லை, இமையே சொல்கிறது, பரிசோதனையிலும் தெரிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. ரத்தப் போக்கு ஏன் என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். அம்மாவுக்குப் புரியட்டும் என்று தமிழில் கேட்டார்: "வீட்ல சோறு கொஞ்சமா இருந்தா யாருக்கு இல்லாம போகும்?"

"எனுக்குத்தான். நான்தானே கடைசில துன்றது," என்றாள் அம்மா.

"உடம்புக்கு முடி அப்படித்தான். எல்லாத்துக்கும் கொடுத்த பிறகுதான் அதுக்கு."

குவைத் சம்பந்தம் கைவிட்டுப் போனது. மாத்திரையும் வைத்தியமுமாக என் முடி மெல்லத் திரும்பி வந்தது, முன்பு போல இல்லாவிட்டாலும். அதையெல்லாம் நான் மறந்துவிடுவேன். அன்று அந்த அறையில் கடைசியாக நடந்ததை மறக்க முடியவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து, கேட்காமலே, அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அது சோற்றுக் கஞ்சி போல வெளுத்திருந்தது.

"எனுக்கு எதுக்கும்மா? எனுக்கு ஒன்னும் நோவு இல்ல."

"இதுதான் நோவு. எத்தனை வருஷமா இருக்கு?"

மலையில் அத்தனை பேர் நடுவே சவுரியை உருவி வைத்தபோது கூசாத அம்மா, அப்போது முந்தானையை இழுத்துத் தன் மொட்டைத் தலையை மூடிக்கொண்டாள்.